மருமகன் அமெரிக்க விமானப்படையில் இருக்கிறார்: இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு வரி கட்ட வேண்டுமா?

தர்மபுரி வரி வசூலர் (ஓய்வு):
நகராட்சியில் முப்பத்தோரு ஆண்டுகள் வரி வசூலராக இருந்தவன் நான். அரையாண்டு தவறாமல் வீட்டு வரியைக் கட்டிவிடுங்கள் என்று குமாரசாமிப்பேட்டையில் படி படியாக ஏறிச் சொன்னவன், இன்று என் மகளிடம் "கட்டாதே" என்று சொல்ல வேண்டுமானால் சட்டம் தெரிந்துதான் சொல்ல வேண்டும்.

மருமகன் அரூர்க் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே அமெரிக்கா போய், அங்கேயே விமானப்படையில் சேர்ந்தார். இப்போது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லேக்கன்ஹீத் தளத்தில் பணி. தளத்துக்கு வெளியே வாடகை வீடு. ஒப்பந்தம் போட்ட வாரத்தில் அவர் பயிற்சிக்காக வேறு நாட்டில் இருந்ததால், கையெழுத்து மகளுடையது மட்டும்.

அந்த ஊர் கவுன்சில் (நம் நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு) முழு ஆண்டுக்கும் வரி பில் அனுப்பிவிட்டது. மகள் தொலைபேசியில் கேட்டதற்கு, "ஒப்பந்தம் படைவீரர் பெயரில் இல்லை, விலக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டார்களாம். எந்த விதி என்று சொல்லவில்லை. நேற்று நினைவூட்டுக் கடிதமும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் இருக்க, குடியிருப்பவரிடம் வீட்டு வரி கேட்பதே எனக்குப் புரியவில்லை.

காவேரிப்பட்டணத்துக்காரி:
ஐயா, நான் இங்கே இங்கிலாந்தில் வேறொரு மாவட்டத்தின் கவுன்சிலில் வரிப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. நம் ஊரில் வரி வீட்டின் உரிமையாளர் மேல். இங்கே கவுன்சில் வரி பெரும்பாலும் குடியிருப்பவர் மேல். 1993 ஏப்ரலில் இந்த வரி வந்தது. 1991-இல் வீடு என்ன விலை போயிருக்கும் என்று கணக்கிட்டு இங்கிலாந்தில் ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்.

விலக்கு உண்டு. 1992-ஆம் ஆண்டு விலக்கு ஆணையில் 'கிளாஸ் பி' என்ற பிரிவு இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வுக்கு அடுத்த பி. வரி கட்டக் கடமைப்பட்டவர்களில் ஒருவராவது, 1952-ஆம் ஆண்டு விசிட்டிங் ஃபோர்சஸ் சட்டப்படி வருகைப் படையோடு (பணிக்காக இங்கே வந்திருக்கும் வெளிநாட்டுப் படை) தொடர்புடையவராக இருந்தால் வீடு முழுவதற்கும் வரி இல்லை.

மகள் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருப்பதுதான் அவர்களைக் குழப்பியிருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் இந்த வரிக்குக் கூட்டாகப் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மருமகன் பெயர் இல்லாவிட்டாலும் அவரும் கடமைப்பட்டவரே. அதுவே போதும். மேலும், படைவீரரைச் சார்ந்திருக்கும் மனைவி, பிரிட்டிஷ் குடிமகளாகவோ இங்கே நிலையாக வாழ்பவராகவோ இல்லை என்றால் அவருக்கும் அந்தத் தொடர்பு உண்டு.

நினைவூட்டுக் கடிதத்தைச் சும்மா விடாதீர்கள். ஏழு நாள் கெடு இருக்கும். தாண்டினால் தவணையில் கட்டும் உரிமை போய், ஆண்டு முழுவதற்குமான தொகையைக் கேட்பார்கள். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துச் சம்மன். இன்றே எழுத்தில் விலக்குக் கேட்டு, முடிவு வரும்வரை வசூலை நிறுத்திவைக்கும்படியும் கேளுங்கள். தளத்தின் வீட்டு வசதி அலுவலகத்தில் ஒரு கடிதமும், திருமணச் சான்றிதழின் நகலும் சேர்த்து அனுப்புங்கள்.

ஓசூர் முன்னாள் ஹவில்தார்:
ஒரு கேள்வி. அந்த ஊரின் குப்பை வண்டி அவர்கள் வாசலுக்கும் வருகிறது, தெருவிளக்கு அவர்களுக்கும் எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டும்போது இவர்கள் ஏன் கட்டக்கூடாது? குறை சொல்லவில்லை, மனத்தில் பட்டதைக் கேட்கிறேன்.

காவேரிப்பட்டணத்துக்காரி:
நியாயமான கேள்வி அண்ணா. படைவீரர் ஊரைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை, உத்தரவின் பேரில் வருகிறார். நேட்டோ நாடுகள் 1951-இல் லண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும், பணிக்காக இருக்கும் காலத்தை வரி விஷயத்தில் அந்த நாட்டில் குடியிருந்ததாகக் கொள்வதில்லை. அது இருபக்கமும் செல்லும். மற்ற நேட்டோ நாடுகளில் பணிபுரியும் பிரிட்டிஷ் வீரருக்கும் அதே பாதுகாப்பு. நம் அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவில் மத்திய அரசின் சொத்துக்கு மாநில வரி கிடையாது என்று இருக்கிறதே, அதிலும் ஓர் அரசின் வேலைக்கு இன்னோர் அரசு வரி போடக்கூடாது என்ற எண்ணம்தான்.

தர்மபுரி வரி வசூலர் (ஓய்வு):
அம்மா, நன்றி. தீர்த்தமலையில் கல்யாணம் முடிந்த கையோடு அரூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது நல்லதாகப் போயிற்று. நகலை இன்று காலையே அனுப்பிவிட்டேன். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வரவே கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மறுத்தால் என்ன வழி?

காவேரிப்பட்டணத்துக்காரி:
கவுன்சில் பதில் சொல்ல இரண்டு மாதம். மறுத்தால், அந்தப் பதில் வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வேல்யூவேஷன் ட்ரிப்யூனலில் (இந்த வரித் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. இதற்கிடையே ஏதாவது கட்ட நேர்ந்தாலும், விலக்குக் கிடைத்ததும் அது திரும்பி வரும். குடிபோன நாளிலிருந்து விலக்கு வேண்டும் என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தர்மபுரி வரி வசூலர் (ஓய்வு):
தேதியை எழுதச் சொல்லிவிட்டேன். கவுன்சில் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.