சைக்கிள் பட்டிக்குப் பெயர்: இழுபட்டியா, மீள்பட்டியா, கொளுவுபட்டியா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக வந்த கடிதங்களை எல்லாம் நேற்று இரவு கரண்ட் நின்ற நேரத்தில் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். சைக்கிள் சட்டத்தில் பம்ப், தண்ணீர்ப் போத்தல், சுருட்டிய மழைக்கோட்டு என்று எதையாவது இறுக்கிக் கட்டும் அந்தப் பட்டிக்கு இதுவரை ஆறு பெயர்கள் வந்துவிட்டன. பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் பொருளைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை, போன வருடம் வரை நானும் அப்படித்தான்.

இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. கனடாவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது தந்தவை. ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெருவிரல் அகலம். பொலியூரித்தேன். தொட்டால் இறப்பர் போல இருக்கிறது, ஆனால் இறப்பரைவிடத் தடிப்பும் முரண்டும் அதிகம். நடுவால் ஏணிப்படி போலத் துளைகள் வரிசையாகப் போகின்றன. ஒரு நுனியில் அலுமினியத்தால் செய்த பக்கிள், அதற்குள் சின்னதாக ஒரு நாக்கு. பொருளையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற நுனியைப் பக்கிளுக்குள் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுவை இழுத்து, எட்டிய துளையை நாக்கில் மாட்டினால் வேலை முடிந்தது. கழற்றுவதற்கும் அதே இழுவைதான்: இன்னும் கொஞ்சம் இழுத்தால் நாக்கு துளையை விட்டுவிடும்.

இதைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். துளை போட்ட இடுப்புப்பட்டி எல்லோரிடமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இந்தத் துளையில் போட்டால் இறுக்கம், அடுத்ததில் போட்டால் தொளதொளப்பு. துளைக்கும் துளைக்கும் நடுவே ஓர் அளவு தேவைப்பட்டால் தோல் பட்டி கைவிரித்துவிடும். இந்தப் பட்டியில் அந்த இடைவெளியை நிரப்புவது அதன் இழுபடும் குணம். அடுத்த துளை வரை இழுத்து மாட்டிவிட்டால், அது திரும்பிச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கம்தான் பிடி. வீதியில் குழி வந்து சைக்கிள் குதித்தாலும் பட்டி கொஞ்சம் கொடுத்து வாங்கும், கட்டு தளராது. ஆக, இழுபடுவதும் வேண்டும், மாட்டிக்கொள்வதும் வேண்டும். இரண்டில் எது பெயருக்குள் போக வேண்டும் என்பதுதான் நம்முடைய சண்டை.

முதலில் 'நெகிழ்பட்டி'. பார்க்க அழகான சொல். ஆனால் நெகிழ்வது என்றால் தமிழில் தளர்வது. தலைவன் பிரிந்து போனபின் தலைவி மெலிந்து அவள் கையில் வளை நெகிழ்ந்தது என்று பழைய அகப்பாட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லும். வளை நெகிழலாம், பம்ப் கட்டிய பட்டி நெகிழக் கூடாது. போன மார்கழியில் எனக்கு அதுதான் நடந்தது. நைலோன் நாடாவில் பிளாஸ்ரிக் கிளிப் போட்ட சாதாரணப் பட்டி ஒன்றால் பம்பைக் கட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனேன். மழையில் ஊறிய நாடா மெல்ல மெல்ல இளகிவிட்டது. பம்ப் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் வந்த லொறி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. அந்த நாடாவுக்கு வேண்டுமானால் நெகிழ்பட்டி என்று பெயர் வையுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

அடுத்தது மதுரை நண்பர் கிண்டல் செய்த 'இழுபட்டி'. உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊரா என்று கேட்டிருந்தார். சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ள தடை வேறு. எங்கள் திருகோணமலைப் பேச்சில் "எலாஸ்ரிக் இழுபட்டுப் போச்சு" என்றால் அது செத்துவிட்டது என்று பொருள். பழைய காற்சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு அம்மா சொல்வது அதுதான். இழுத்தபின் திரும்பி வராததன் பெயரை, திரும்பி வருவதற்காகவே செய்யப்பட்ட பொருளுக்கு வைப்பதா?

'மீள்வார்' என்று எழுதியவருக்கு என் தனிப்பட்ட நன்றி. வார் நல்ல பழைய சொல், தோல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'வார்' வந்து வினையோடு ஒட்டினால் மரியாதையான ஓர் ஆள் எழுந்து நிற்கிறார். மீள்வார், நீள்வார், கட்டுவார். 'சட்டத்தில் இரண்டு மீள்வார் இருக்க வேண்டும்' என்று வாசித்தால் ஆஸ்பத்திரிச் செய்தி போல இருக்கிறது.

சரி, வாரை விட்டு 'மீள்பட்டி' என்று வைத்தால்? இதில்தான் நான் இரண்டு நாள் நின்றேன். அறிவியல்படி இதற்கு மேல் சரியான பெயர் கிடையாது. இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும் குணத்தை நம் பாடப்புத்தகங்கள் மீள்தன்மை என்றே சொல்கின்றன. உயர்தரத்தில் படித்தவர்களுக்கு 'ஊக்கின் விதி' நினைவிருக்கும். இராபர்ட் ஊக் 1678இல் வெளியிட்ட விதி. ஊக்கு என்றால் சட்டையில் குத்துவது என்று நினைத்துக்கொண்டு பரீட்சை வரை போன பையன் என் வகுப்பிலேயே இருந்தான். (இறப்பரும் பொலியூரித்தேனும் அந்த விதிக்குக் கொஞ்ச தூரம் வரைதான் அடங்கும், அது வேறு கதை.) சிக்கல் என்னவென்றால், 'மீள்' என்ற முன்னொட்டு இன்றைக்கு வேறு வேலைக்குப் போய்விட்டது. மீள்சுழற்சி, மீள்பரிசீலனை, மீள்குடியேற்றம். திருகோணமலையில் கடைசிச் சொல்லைக் கேட்காத குடும்பம் இல்லை. மீள்பட்டி என்று சொன்னால் பழைய பட்டியைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள்.

அப்படி நினைத்தாலும் பிழையில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் இந்த வேலையை இத்தனை காலமும் செய்து வந்தது பழைய சைக்கிள் ரியூப்தான். விடியப்புறம் கடற்கரைப் பக்கம் போனால் பாருங்கள். மீன் விற்கும் ஐயாமாரின் சைக்கிள் கரியரில் றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, அதன் குறுக்கே விரலகலத்துக்கு வெட்டிய ரியூப் இரண்டு சுற்று. நுனியில் ஒரு முடிச்சு, அல்லது வளைத்த கம்பி. ஒட்டுப்போட முடியாமல் போன ரியூப் எதையும் சைக்கிள் கடைக்காரர் எறிவதில்லை. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் கிடந்து கிடந்து மேலே நுண்ணிய வெடிப்பு விழும், ஒரு நாள் கட்டும்போதே கையோடு வந்துவிடும். அப்போது இன்னொன்று வெட்டிக்கொள்வார்கள். காசும் இல்லை, கலைச்சொல்லும் இல்லை.

இந்த நினைப்போடுதான் சனிக்கிழமை என் பட்டியை எடுத்துக்கொண்டு சந்தியில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். ஐயா முதலில் இழுத்துப் பார்த்தார், பிறகு பக்கிளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சைக்கிள் பாரில் ஒரு திருகாணிச் சாவியைச் சேர்த்துச் சுற்றி மாட்டினார், தட்டிப் பார்த்தார், கழற்றினார். திருப்பித் தந்துவிட்டு, "இது கொளுவுற ரியூப் தானே தம்பி" என்றார்.

எனக்கு அது போதும். அவருக்கு இழுபடுவது புதினம் இல்லை, ரியூப் எல்லாமே இழுபடும். அவர் கையில் புதிதாக இருந்தது முடிச்சுப் போடாமல் கொளுவ முடிந்ததுதான். எனவே என் முன்மொழிவு: கொளுவுபட்டி.

கொளுவு என்ற வினை தமிழ்நாட்டு நண்பர்கள் சிலருக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கலாம், நீங்கள் 'மாட்டு' என்பீர்கள். நாங்கள் சட்டையை ஆணியில் கொளுவுவோம், கதவைக் கொளுக்கியில் கொளுவுவோம், வேலை இல்லாத நேரத்தில் சண்டையும் கொளுவுவோம். கொளுக்கி உங்களுக்கும் தெரிந்த சொல்தான். 'கொள்' என்ற வேரை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வினைத்தொகை என்பதால் நடுவில் ப் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போலக் கொளுவுபட்டி. தயவுசெய்து யாரும் 'கொளுவுப்பட்டி' என்று திருத்தி அனுப்ப வேண்டாம்.

பட்டியா பட்டையா என்று கேட்டவருக்கு: இங்கே வாகனத்தில் போடுவது ஆசனப்பட்டி, அரையில் கட்டுவது இடுப்புப்பட்டி. பட்டை என்றால் எங்களுக்கு முதலில் மரமும் கறிக்குப் போடும் கறுவாவும்தான் நினைவுக்கு வரும். நீங்கள் கொளுவுபட்டை என்று எழுதினால் நான் வழக்குப் போட மாட்டேன். பல்பகுதியம் என்று நாங்கள் சொல்வதைப் பலபடி என்று நீங்கள் சொல்லியும் இரண்டு கரையிலும் வேதியியல் நடந்துகொண்டுதானே இருக்கிறது.

Voile என்ற வணிகப் பெயரை அப்படியே தமிழில் எழுதிவிடலாம் என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று பனிச்சறுக்குப் பலகைகளைச் சோடியாகக் கட்டுவதற்குச் செய்த பட்டி அது. குளிரில் விறைத்துப் போகாத பொருள் என்பதால் அந்த ஊருக்கு ஏற்றது. சைக்கிள்காரர்கள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை 'வொயில்' என்று எழுதுவதா 'வொலே' என்று எழுதுவதா என்று இந்தக் குழுவிலேயே ஏழு கடிதம் வந்துவிட்டது. 'பனிப்பட்டி' என்ற முன்மொழிவும் அங்கிருந்து வந்ததுதான். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒலியைக் கடன் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. நான் குடியிருப்பதே உவர்மலையில். ஓர்ஸ் ஹில் என்ற ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் உவர்மலை ஒலியும் விடாமல் தமிழுமாகி நிற்கிறது. உப்புக் காற்று அடிக்கும் மேட்டுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? கீழே இறங்கினால் உட்துறைமுக வீதி, அது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. கப்பல் துறையான டொக்யாட் மட்டும் டொக்யாட்டாகவே இருக்கிறது. மூன்று வழியும் ஒரே ஊருக்குள் ஓடுகிறது. வணிகப் பெயருக்கு உவர்மலை போல ஒன்று யாருக்காவது தோன்றினால் நான் கொளுவுபட்டியை இன்றைக்கே கைவிடுவேன். இதுவரை தோன்றவில்லை.

ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் பட்டியலுக்கு இப்படி எழுதலாம்: 'கொளுவுபட்டி: மீள்தன்மை உள்ள, துளை வரிசையும் பக்கிளும் கொண்ட பட்டி; பொருளைச் சட்டத்தோடு சேர்த்து இழுத்துக் கொளுவிக் கட்டுவதற்கு.' மீள்தன்மை விளக்கத்துக்குள் வந்துவிட்டது, பெயருக்குள் திணிக்கத் தேவையில்லை. உறுப்புகளுக்கும் கையோடு பெயர் வைத்துவிடலாம். துளைக்குக் கண். பக்கிளில் எழும்பி நிற்பதற்கு நாக்கு. மாட்டியபின் மிஞ்சித் தொங்குவதற்கு வால். இந்த வால் சும்மா ஆடிக்கொண்டிருக்கக் கூடாது, சில்லுக் கம்பிக்குள் போனால் ஆளையே கவிழ்த்துவிடும். இன்னொன்றும் குறிப்பில் சேர்க்க வேண்டும்: கட்டுவதற்கு முன் சட்டத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பட்டிக்கும் பெயின்டுக்கும் நடுவே எங்கள் கடற்கரை மணல் நாலு பொட்டு இருந்தால் போதும், அரத்தாள் போட்டது போலாகிவிடும். என் சைக்கிள் பாரில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

பக்கிளுக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. 'பூட்டு' வேண்டாம், சைக்கிளில் ஏற்கெனவே ஒரு பூட்டு உண்டு, திறப்பைத் தேடுவார்கள். கொளுக்கி என்றால் வளைந்த கம்பி மட்டும் கண்முன் வருகிறது. கொளுவி என்று ஒரு யோசனை, ஆனால் பட்டியும் கொளுவி, பக்கிளும் கொளுவி என்று குழப்பம் வருமோ என்று பயம். மட்டக்களப்புப் பக்கத்தில் மாட்டுவண்டி கட்டின ஆட்கள் யாராவது வீட்டில் இருந்தால், நுகத்தில் வார் மாட்டும் இடத்துக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன்.