பழைய பிரிட்டிஷ் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை அடுத்து வந்த இசை) சிங்கிள், அதாவது ஒன்றிரண்டு பாட்டுள்ள சின்ன ரெக்கார்டு, கையில் சிக்கிய அனுபவம் உண்டா?

ஊசிமுனை
லீட்ஸில் ஒரு சாரிட்டி ஷாப், தர்மத்துக்காகப் பழைய பொருள் விற்கும் கடை. கிறிஸ்துமஸ் பாட்டு ரெக்கார்டுகளுக்கு நடுவே சொந்தமாகவே ரெக்கார்டு வெளியிட்ட டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழுவின் முதல் சிங்கிள், 1977. செலவைக் குறைக்க இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாட்டைப் போட்ட கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குத் தூக்கம் கெட்டது உறையால். உள்பக்கத்தில் யாரோ பேனாவால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்கு இவ்வளவு, தட்டு அச்சடிக்க இவ்வளவு, வேன் வாடகை. வேன் வாடகையை மட்டும் அடித்துவிட்டு 'பஸ்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஆள் கடைசியில் ரெக்கார்டு போட்டாரா? குழுவுக்குப் பெயராவது வைத்தார்களா? யாரைப் போய்க் கேட்பது?

மழைக்கோட்டு
உங்கள் ஆள் ஸ்கிரிட்டி பொலிட்டி குழுவைப் பார்த்துத்தான் கணக்கெழுதியிருப்பார். 1978இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளின் உறையிலேயே முழுச் செலவும் இருக்கும். கேம்பிரிட்ஜில் 14 மணி நேரப் பதிவுக்கு 98 பவுண்ட், தட்டின் நடுவே ஒட்டும் லேபிளில் குத்த ரப்பர் ஸ்டாம்ப் 8 பவுண்ட். பிரைட்டனில் ஒரு கடைக்காரர் அதைக் காட்டினார், விற்க மாட்டேன் என்றார். ஸ்டாம்ப் கோணலாக விழுந்து, ஒரு ஓரத்தில் மை பதியவே இல்லை. 'இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமே' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் பொசுக்கென்று தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

கறுப்புத்தட்டு
ஊசிமுனையின் உறையிலுள்ள கணக்குக்கு ஸ்கிரிட்டிதான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? பைசிக்கிள்ஸே முதல் சிங்கிளுக்கு 153 பவுண்ட் ஆனதை இரண்டாவதின் உறையில் போட்டுவிட்டார்கள். 'ரொம்பச் சுலபம், ரொம்ப மலிவு, நீங்களும் போய்ச் செய்யுங்கள்' என்று பாட்டிலேயே கத்தியவர்கள். எனக்கு அதில்தான் சண்டை. 153 பவுண்ட் அன்றைக்குச் சில்லறைக் காசா? பஸ்காக்ஸ் குழு 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' ரெக்கார்டு போட 500 பவுண்ட் கடன் வாங்கினார்கள். போட்ட பிறகு யார் விற்பது? லண்டனில் ரஃப் டிரேட் கடை எடுத்துக்கொள்ள வேண்டும், ராத்திரி பிபிசி ரேடியோவில் பாட்டுப் போடும் ஜான் பீல் ஒருமுறை போட வேண்டும். இரண்டும் நடக்காமல் விற்காத ரெக்கார்டுப் பெட்டிகள் எத்தனை பேர் கட்டிலுக்கடியில் கிடந்தனவோ. சரி, என் அனுபவம்: ஷெஃபீல்டில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது அப்படி ஒரு பெட்டி, பிரிக்காமலே. வீட்டுக்காரர், 'என் தம்பியுடையது, எடுத்துப் போ' என்றார். போட்டுக் கேட்டேன். சுமார்தான்.

துணிப்பை
டெலிவிஷன் பெர்சனாலிட்டீஸ் குழுவின் சிங்கிள் ஒன்று கிடைத்தது. ஜெராக்ஸ் உறை பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போய், இழுத்ததும் எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், பழைய பிவிசி கவரில் ஜெராக்ஸ் உறையை வைக்கவே வைக்காதீர்கள். பிவிசியை மென்மையாக்கப் போடும் ரசாயனம் ஜெராக்ஸ் மையான டோனரை இளக்கிவிடும். பாலித்தீனோ பாலிப்ராப்பிலினோ வாங்குங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல், தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள். ஸ்டாம்ப் குத்திய லேபிளில் ஈரம் படக்கூடாது, ஆல்கஹால் பட்டால் போச்சு. ரெக்கார்டைக் கழுவும்போது லேபிளை மூடிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். படுக்கவைத்து அடுக்காதீர்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஊசிமுனை, அந்தப் பேனாக் கணக்கை வெயிலில் காட்டாதீர்கள்.

மழைக்கோட்டு
கறுப்புத்தட்டு, சுமார்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே. குழுவின் பெயர் என்ன?

கறுப்புத்தட்டு
லேபிள் வெள்ளை. ஒன்றும் எழுதவில்லை. டிரம்மர் மட்டும் பரவாயில்லை.