ரெண்டு ஃபார்ம் 16 (கம்பெனி தர்ற சம்பளம், வரிச் சான்று) கையில, ரீஃபண்ட் வருமா?

கேள்வி: 2024 அக்டோபர்ல வேலை மாறினேன். பழைய கம்பெனி சம்பளம் 4,20,000, டிடிஎஸ் (சம்பளத்துல பிடிச்ச வரி) 13,780. புதுசுல 5,40,000, டிடிஎஸ் பூஜ்யம். ரெண்டுலயும் வரிக் கணக்குக்கு முன்னாடி சம்பளத்துல கழிக்கிற 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போட்டிருக்காங்க. புது வரி முறைதான் (நியூ ரெஜிம்).

பதில்: ரீஃபண்டா? கட்டணும் தம்பி! அந்த 75,000 ஒரு தடவைதான் கழியும். மொத்தம் 9,60,000, கழிச்சா 8,85,000. 2024-25 விகிதப்படி, செஸ் (வரி மேல போடுற கூடுதல் வரி) சேர்த்து வரி 40,040. பாக்கி 26,260, வட்டி தனி. பழைய சம்பளத்தைச் சொல்லி புதுக் கம்பெனிக்கு ஃபார்ம் 12பி கொடுக்கலையா?

கேட்டவர்: எச்ஆர் மெயில் அனுப்பினாங்கண்ணா. வழக்கமான ஜாயினிங் பேப்பர்னு படிக்காம விட்டுட்டேன்.

இன்னொருவர்: ஃபார்ம் 16 பகுதி ஏ-ல உள்ள டிடிஎஸ் 26ஏஎஸ்-ல (வரித்துறைகிட்ட இருக்கிற உங்க வரிக் கணக்கு) ஏறியிருக்கான்னு பாத்துடுங்க. என் சம்பளத்துல பிடிச்ச வரியை அரசுக்குக் கட்டாமலே விட்டுட்டாரு பழைய முதலாளி. அலைஞ்சது நான்.