அந்த ஆறு மாதக் கணக்கு

மூடியபெட்டி: "வெளிநாட்டில் படித்துவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு ஆறு மாதம் போதும். அதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் நடிப்பு" என்று திரும்பியவன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிகிறது. எனக்குப் பதினாலு மாதம் ஆனது. நான் இல்லாத மூன்று வருஷத்தில் என் அறை தங்கையுடையதாகிவிட்டது. கதவைத் தட்டி, அவள் 'வா' என்ற பிறகுதான் உள்ளே போனேன். பெட்டியைப் பிரிக்கவே எட்டு மாதம். இது நடிப்பா?

திரும்பியவன்: நான் நாலு வருஷம் வெளியே இருந்தவன். ஆறே மாதம், சரியாகிவிட்டேன். மனசு வைத்தால் முடியும் தம்பி.

மூடியபெட்டி: தம்பி என்று கூப்பிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு என்ன ஆதாரம்?

ஏட்டுச்சுரை: 1955-இல் லிஸ்கார்ட் என்பவர், அமெரிக்கா போய்வந்த ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகை பெற்ற நார்வேக்காரர்கள் சுமார் 200 பேரிடம் பேசி எழுதினார். அங்கே 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள்தான் அதிகம் திணறியிருக்கிறார்கள்.

திரும்பியவன்: பார்த்தீர்களா, ஆறு!

மூடியபெட்டி: அந்த ஆறில் திணறல் தொடங்குகிறது ஐயா, முடியவில்லை. அதுவும் போன இடத்துக் கணக்கு. போன இடத்தில் மனம் ஒருமுறை இறங்கி ஏறுகிறது; திரும்பி வந்த பிறகும் இன்னொரு பள்ளம் உண்டு என்று அதை நீட்டி, W எழுத்துபோல இருமுறை இறங்கி ஏறும் டபிள்யூ வளைவு ஆக்கியது 1963-இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி. அவர்களும் உங்கள் ஆறு மாதக் கெடுவை விதிக்கவில்லை.

திரும்பியவன்: வளைவெல்லாம் எனக்கு வேண்டாம். அனுபவம் பேசுகிறது. கல்விக்கடன் விவாதத்திலும் இப்படித்தான் ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

ஏட்டுச்சுரை: ஏட்டைக் கொண்டுவந்தது நான். அன்று வட்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டது நீங்கள்.

திரும்பியவன்: அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

மழைக்கால்: இழுத்தது நீங்கள்தானே! சரி, ஒன்று கேட்கிறேன். 'எங்கே போகிறாய், எப்போது வருவாய்' என்று அம்மா வாசலில் நின்று கேட்கும்போது தொண்டை அடைக்கிறதே, அதற்கும் ஆறு மாதமா? எனக்கு இரண்டு வருஷமாக அடைக்கிறது. அவர் மேல் தப்பில்லை, எனக்கும் கோபமில்லை. ஆனாலும் அடைக்கிறது.

திரும்பியவன்: அம்மா கேட்பது அக்கறை. அது புரியாதவர்களுக்கு ஆறு வருஷம் கொடுத்தாலும் பத்தாது.

மூடியபெட்டி: இப்போது ஆறு வருஷம் ஆகிவிட்டதா? நேற்று ஆறு மாதம் என்றீர்களே!

திரும்பியவன்: ஆறு மாதம்தான். எழுதியது எழுதியதுதான், தம்பி.

மூடியபெட்டி: தம்பி வேண்டாம் என்றேன். பதினாலு மாதம்.