கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டின் மேல்மாடி

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். தை பிறந்ததும் மஞ்சக்குப்பம் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாம் என்றிருக்கிறேன். எல்லாம் ஒன்பது அங்குலச் சுவர் என்பதால் தாராளமாகத் தாங்கும் என்று மேஸ்திரி சொல்கிறார். கீழே கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து, கூடத்தைப் பெரிதாக்கவும் எண்ணம்.

நான்: பெரியப்பா, அந்தச் சுவரில் மட்டும் தயவுசெய்து கைவைக்க வேண்டாம். 1986இல் தாத்தா கட்டிய அந்த வீட்டில் தூண்களே கிடையாது. தளத்தின் பாரம் முழுவதும் செங்கற்சுவர்கள் வழியாகத்தான் கடைக்காலுக்கு இறங்குகிறது. பத்தடி உயரச் சுவர் ஓரடி நீளத்துக்கே ஏறக்குறைய 400 கிலோ இருக்கும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், பூச்சும் தரையும் சேர்க்காமலே, 800 சதுர அடிக்கு 23 டன்னைத் தாண்டிவிடும். இவ்வளவையும் மேலே ஏற்றிவிட்டு, கீழே தாங்கும் சுவரை எடுப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை: மேலே ஒரு மாடி வரும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பாரே, அதற்கேற்பத்தானே கடைக்கால் போட்டிருப்பார்? 2011இல் தானே புயலுக்கே அசையாத வீடு அது.

நான்: போட்டிருக்கலாம் அத்தை. ஆனால் வரைபடம் நம்மிடம் இல்லாததால், சுவரோரம் இரண்டு இடங்களில் தோண்டி ஆழத்தையும் அகலத்தையும் மண்ணையும் பார்த்தால்தான் தெரியும். அன்று புயலைத் தாங்கியது தாழ்வான ஒற்றைத்தள வீடு. உயரம் கூடினால் பக்கவாட்டில் காற்றின் தள்ளலும் கூடும்.

அக்கா: முகப்புத் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்ததே, அது என்னவாயிற்று?

பெரியப்பா: போன வருடமே சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டோம் அம்மா.

நான்: பூச்சு துருவை மறைத்திருக்கிறதே தவிர நிறுத்தவில்லை. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்டுக் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது; கம்பியோ உள்ளே மெலிந்துகொண்டே போகிறது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து தளத்தையும் சுவர்களையும் சோதிக்கட்டும். சுவர்கள் தாங்காது என்றால், தனிக் கடைக்காலோடு வெளிப்புறம் தூண்கள் எழுப்பி, மாடியின் பாரத்தை அவற்றின் மேல் இறக்க முடியுமா என்று அவரிடமே கேட்கலாம். அவர் தரும் வரைபடத்தை வைத்து மாநகராட்சியில் அனுமதிக்கு விண்ணப்பிப்போம்.

பெரியப்பா: சரி, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் வைத்துத் தோண்டிவிடலாம், நீயும் வந்துவிடு.