அடாச்சி கலை அருங்காட்சியகம் (ஷிமானே, ஜப்பான்): ஒரு நாளில் பார்த்துவிட்டு மாட்சுயே போக முடியுமா?

வைகறை:

நவம்பர் மூன்றாம் வாரம் ஒகயாமாவிலிருந்து மாட்சுயேவுக்குப் போகிறோம். வழியில் யாசுகியில் இறங்கி அடாச்சி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாமா என்று யோசனை. நாங்கள் அந்தப் பக்கம் போகும் நாள் திங்கள்கிழமை. ஜப்பானில் திங்களன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்று படித்தேன், இதுவும் அப்படித்தானா?

இன்னும் சில சந்தேகங்கள். தோட்டத்துக்குள் இறங்கி நடக்க விடமாட்டார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் அவ்வளவு தூரம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது? கூட வருபவருக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. மழை வந்தால் போவது வீணா? பெட்டிகளை என்ன செய்வது? சைவச் சாப்பாடு அந்தப் பக்கம் கிடைக்குமா?

தண்டவாளம்:

திங்கள் என்பது உங்களுக்குச் சாதகம்தான். அடாச்சிக்கு வார விடுமுறையே கிடையாது, ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். படங்களை மாற்றி மாட்டும் நாட்களில் மட்டும் புதிய கட்டடத்தை மூடுவார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 9 முதல் மாலை 5.30, அக்டோபர் முதல் மார்ச் வரை 9 முதல் 5. ஆனால் ஒன்று கவனியுங்கள்: நவம்பர் 23 அங்கே அரசு விடுமுறை. அது ஞாயிற்றுக்கிழமையில் விழும் ஆண்டில் அடுத்த திங்களும் விடுமுறையாகிவிடும். சனி முதல் திங்கள் வரை அந்த மூன்று நாளும் இலையுதிர்காலச் சிவப்பைப் பார்க்க வரும் சுற்றுலாப் பஸ்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

ரயில்: ஒகயாமாவிலிருந்து 'யாக்குமோ' விரைவு வண்டி, யாசுகிக்கு ஏறத்தாழ இரண்டே கால் முதல் இரண்டரை மணி நேரம். மணிக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். 2024 மார்ச்சிலிருந்து எல்லா இருக்கையும் முன்பதிவுதான். முன்பதிவில்லாத பெட்டி என்பதே இல்லை. ரயில் பாஸ் கையில் இருக்கிறது, நேரே போய் ஏறிக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பாஸ் இருந்தாலும் இருக்கைச் சீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். நவம்பர் என்பதால் ஒரு நாள் முன்பாவது எடுத்துவிடுங்கள். யாசுகியில் நிற்கும் வண்டிதானா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் தலைசுற்றும் ஆள் யாராவது இருந்தால்: அந்தப் பாதை ஆற்றை ஒட்டி மலைக்குள் வளைந்து வளைந்து போகும். பழைய 381 வகை வண்டி வளைவில் சாய்ந்த சாய்ப்பில் வாந்தி வந்து, அதற்கு ஜப்பான்காரர்களே ஒரு கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். 2024-இல் வந்த 273 வகை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் ஏறுவதற்கு முன்பு வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

யாசுகி நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்தின் இலவசப் பஸ், 20 நிமிடம். எந்த நேரத்துக்கு எது என்ற அட்டவணை அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரயிலைத் தேர்ந்தெடுங்கள், ரயிலை எடுத்துவிட்டுப் பஸ்ஸைத் தேடாதீர்கள். பஸ் சிறியது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் திரும்பும் பயணம். போய் இறங்கியதும், தோட்டத்தைப் பார்க்கும் முன்னால், வரவேற்பில் திரும்பும் பஸ்ஸுக்கு நேரச்சீட்டு வாங்க வேண்டும். பணம் இல்லை, வெறும் எண் போட்ட சீட்டு. அதை வாங்காமல் உள்ளே போய் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தால், அந்தப் பஸ் நிரம்பியிருக்கும். அடுத்ததற்கு நெடுநேரம் காக்க வேண்டும். அதற்குள் மாட்சுயே ரயிலும் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் யாசுகி நகராட்சியின் மஞ்சள் பஸ்ஸைப் பாருங்கள், கட்டணம் உண்டு. இல்லையென்றால் டாக்சிதான்.

பெட்டிகள்: கைப்பைக்கு அருங்காட்சியகத்திலேயே லாக்கர் இருக்கிறது. பெரிய சூட்கேஸ்களோடு அந்தச் சின்னப் பஸ்ஸில் ஏறுவது மற்றவர்களுக்கும் தொல்லை. முதல் நாளே ஒகயாமா விடுதியில் சொல்லி மாட்சுயே விடுதிக்குப் பெட்டியை அனுப்பிவிடுங்கள். 'தக்யுபின்' என்று கேட்டால் போதும், படிவம் கொடுப்பார்கள். பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும், எந்த நாள் என்று படிவத்திலேயே குறிப்பிடலாம்.

செங்காந்தள்:

ரயிலும் பஸ்ஸும் மேலே வந்துவிட்டன. ஜன்னல் கேள்விக்கு வருகிறேன், அது நியாயமான கேள்வி.

அங்கே ஜன்னலே படச்சட்டம். நிறுவனர் அடாச்சி ஸென்கோ (1899–1990) அந்த ஊர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கரி மூட்டைகளை வண்டியில் இழுத்துப் போய் விற்றுத் தொடங்கியவர், பின்னால் ஓசாகாவில் துணி, நிலம் என்று வியாபாரம் செய்து பணம் சேர்த்தார். சேர்த்ததைப் படங்களில் போட்டார். 1970-இல் அருங்காட்சியகம் திறக்கும்போது அவருக்கு 71 வயது. 'தோட்டமும் ஒரு ஓவியம்தான்' என்பது அவர் வாக்கு. ஓவியத்துக்குள் கால் வைத்து நடக்க முடியாதல்லவா, அதுதான் கணக்கு. யாரும் நடக்காததால் வெண்மணலில் ஒரு தடமும் இல்லை, கைப்பிடிக் கம்பி இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை, சிவப்புத் தொப்பி போட்ட சுற்றுலாக் குழு இல்லை. கியோட்டோ தோட்டங்களில் கிடைக்காத வசதி இது.

மொத்தம் 1,65,000 சதுர மீட்டர். ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதைவிடப் பெரிது. பின்னால் இருக்கும் மலைகளையும் தோட்டத்தோடு சேர்த்தே அமைத்திருக்கிறார்கள், ஜப்பானியத் தோட்டக்கலையில் இதற்கு 'ஷாக்கெய்' என்று பெயர், இரவல் காட்சி. தோட்டத்துக்கும் மலைக்கும் நடுவே சாலை ஒன்று போகிறது. மரங்களை எந்த உயரத்தில் வெட்டினால் அது மறையும் என்று பார்த்து வெட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்து தேடிப் பாருங்கள், எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. எதிர் மலையில் விழும் 15 மீட்டர் அருவியும் 1978-இல் மனிதர்கள் அமைத்ததுதான். அமெரிக்காவிலிருந்து வரும் ஜப்பானியத் தோட்டங்களுக்கான இதழ் ஒன்று 2003 முதல் தன் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம் கொடுத்துவருகிறது. கியோட்டோவின் காட்சுரா அரண்மனைத் தோட்டமே இதற்குப் பின்னால்தான். பட்டியல்களை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஒரு காய்ந்த இலைகூட வெளியே தெரியாத அந்தப் பராமரிப்பைப் பார்த்தால் ஏன் கொடுத்தார்கள் என்று புரியும். வாசல் திறக்கும் முன்பே தோட்டக்காரர்கள் பெருக்கி முடித்துவிடுவார்கள்.

பாதை ஒரே திசையில் போகும்: பாசித் தோட்டம், பிறகு தண்ணீரில்லாமல் கல்லும் மணலுமாக அமைத்த முதன்மையான உலர் நிலத் தோட்டம் (வடிவமைப்பு நாகானே கின்சாகு), அப்புறம் 'உயிருள்ள படச்சட்டம்' என்று சொல்லும் பெரிய ஜன்னல், குளம், வெண்மணலும் பைன் மரங்களும் உள்ள தோட்டம். கடைசியாகச் சொன்னது ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கானின் ஒரு படத்தைப் பார்த்துத் தரையில் அமைத்தது. வழியில் ஓர் அறையில், படச்சுருள் தொங்கவிடும் மாடச் சுவரைச் சுருளின் அளவுக்கே வெட்டித் திறந்துவிட்டிருக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் சுருள் ஓவியம், கிட்டப் போனால் தோட்டம். இங்கே படம் எடுக்க வரிசை நிற்கும். வரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம், சீக்கிரம் நகரும்.

தோட்டத்தைப் படம் எடுக்கலாம், ஓவியங்களை எடுக்கக் கூடாது. கண்ணாடி வழியாக எடுப்பதால் உங்கள் சட்டையே படத்தில் பிரதிபலித்துக் கெடுக்கும். கறுப்பு அல்லது அடர்நீல உடை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் வைத்துக் கையால் சுற்றி மறைத்தால் தீர்ந்தது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

மழை கவலையே வேண்டாம். பார்ப்பது பெரும்பாலும் கூரைக்குள்ளிருந்து. மழையில் பாசி பச்சைக்கு மேல் பச்சையாகும், மலையில் மேகம் இறங்கி நிற்பது நேரே மை ஓவியம். 'மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு சொலவடை உண்டு, அந்த அளவுக்கு மழை சகஜம். உச்சி வெயிலில் வெண்மணல் கண்ணைக் கூசும், அதைவிட மழை எவ்வளவோ மேல்.

முழங்கால் வலிக்கு: லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், வழியெங்கும் உட்கார இடம் இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு இதைவிடத் தோதான ஜப்பானியத் தோட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

கோட்டோவியம்:

செங்காந்தள் தோட்டத்தை எழுதிவிட்டு மாடியை விட்டுவிட்டார். வருகிறவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான். ஒன்றரை மணி நேரம் ஜன்னலில் நின்றுவிட்டு, ஓவியக் கூடத்தைப் பத்து நிமிடத்தில் தாண்டிப் போகிறார்கள். அனுமதிச் சீட்டு 2000 யென்னுக்கு மேல். அந்தப் பணத்துக்குச் சரக்கு மாடியில்தான் இருக்கிறது.

தைக்கான் (1868–1958) படங்கள் 120 அளவுக்கு இவர்களிடம் உண்டு. ஒரே நேரத்தில் அவ்வளவும் மாட்டமாட்டார்கள். பட்டிலும் காகிதத்திலும் கனிமப் பொடியைப் பசையில் குழைத்துத் தீட்டிய படங்கள் இவை, 'நிஹோங்கா' என்பார்கள். வெளிச்சம் பட்டால் பட்டு பழுக்கும், சாயம் வெளிறும். அதனால் பருவத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு நான்கு முறை மாற்றுகிறார்கள். உங்களுக்கு நவம்பர் வாய்த்திருக்கிறது: 1931-இல் தீட்டிய 'கோயோ' என்ற சிவப்பு இலைப் படத்தைப் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் வெளியே எடுப்பார்கள். ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு, ஒரு ஜோடி. ஆற்றின் நீலத்துக்கு மேல் மேப்பிள் இலைகளின் செந்தூரம். புறப்படும் முன் கண்காட்சி அட்டவணையில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கூடத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. இந்த வகைப் படங்களுக்கு 50 லக்ஸ் அளவில் வைப்பதுதான் அருங்காட்சியக வழக்கம். வெண்மணலைப் பார்த்த கண்ணோடு நேரே நுழைந்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், 'இதென்ன பழுப்புப் படம்' என்று நகர்ந்துவிடத் தோன்றும். வாசல் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கண் பழகிய பிறகு பாருங்கள். மடிப்புத் திரையை நடுவில் மட்டும் நின்று பார்க்காமல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் நடந்துகொண்டே பாருங்கள், மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொடுக்கும். குறிப்பெடுப்பதானால் பென்சில் கொண்டுபோங்கள். ஜப்பானிய அருங்காட்சியகங்களில் பேனாவை எடுத்தால் காவலர் ஓடிவருவார்.

நம் பக்கம் ஒரு தொடர்பும் இருக்கிறது. 1903-இல் தைக்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகினார்கள். கோடே இல்லாமல் நிறத்தை நீரில் கழுவிக் கழுவி மூடுபனி மாதிரி ஆக்கும் தைக்கானின் முறையைப் பார்த்துத்தான் அபனீந்திரநாத் தாகூர் தன் 'வாஷ்' பாணியை வளர்த்தார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பிறகு சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்தவர், மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. தைக்கானின் மூடுபனிப் படத்தின் முன் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மாடியை முடித்துவிட்டுச் சுரங்க வழியாகப் புதிய கட்டடம் (2010). இக்கால நிஹோங்கா, எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. நேரமில்லையென்றால் விடலாம். ரோசான்ஜின் கூடத்தை (2020) விடாதீர்கள். கிதாஓஜி ரோசான்ஜின் (1883–1959) சமையல்காரர், குயவர், எழுத்தணிக் கலைஞர். தன் உணவகத்தில் பரிமாறச் சரியான தட்டு இல்லையென்று தானே தட்டு செய்ய உட்கார்ந்தவர். 1955-இல் அரசு கொடுக்க வந்த 'வாழும் தேசியச் செல்வம்' பட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தட்டுகளைப் பார்க்கும்போது மேலே என்ன உணவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால்தான் அவை பிடிபடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஜப்பானில் ஐரோப்பிய ஓவியம் பார்ப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அடாச்சி உங்களுக்கு இல்லை. அதே யாக்குமோ வண்டி நிற்கும் குராஷிகியில் ஓஹாரா அருங்காட்சியகம் (1930) இருக்கிறது, எல் கிரெக்கோவின் 'அறிவிப்பு', மோனேயின் 'நீரல்லி' அங்கேதான். ஆனால் அது திங்களன்று மூடல். ஒகயாமாவில் உங்களுக்கு வேறு நாள் இருந்தால் அன்று போங்கள்.

வைகறை:

மிக்க நன்றி. திங்களன்றே போகிறோம். மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? சாயங்காலம் மாட்சுயேவில் ஏரிக்கரை அருங்காட்சியகத்தில் சூரியன் மறைவதையும் பார்த்துவிட முடியுமா? சாப்பாடு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தண்டவாளம்:

முடியும். ஒகயாமாவில் 7 மணியை ஒட்டிக் கிளம்பும் முதல் யாக்குமோவைப் பிடித்தால் யாசுகிக்கு ஒன்பதரை வாக்கில். பத்து, பத்தரைக்குள் உள்ளே. மூன்று மணி நேரம், முழங்காலையும் கணக்கில் வைத்தால் மூன்றரை. தோட்டம், ஓவியம், ரோசான்ஜின் முடித்துவிட்டு வெளியேறும் முன் அதே பெரிய ஜன்னலுக்கு ஒரு தடவை திரும்பிப் போங்கள். காலையில் பார்த்த நிழல் இடம் மாறியிருக்கும், வேறு படம். 2 மணி வாக்கில் கிளம்பும் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவைத்தால், யாசுகியிலிருந்து சாதாரண ரயிலில் மாட்சுயே 25 நிமிடம் சொச்சம்.

ஷிமானே கலை அருங்காட்சியகம் ஷிஞ்சி ஏரிக்கரையில், மாட்சுயே நிலையத்திலிருந்து 15 நிமிட நடை. நடக்க முடியாவிட்டால் பஸ் உண்டு. வார விடுமுறை செவ்வாய், ஆகவே திங்களுக்குப் பிரச்சினை இல்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை அங்கே மூடும் நேரமே 'சூரியன் மறைந்து 30 நிமிடம் கழித்து' என்றுதான் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை 6.30. நவம்பர் கடைசியில் 5 மணியை ஒட்டி மறைந்துவிடும், 4.30-க்கு அங்கே இருங்கள். ஏரியைப் பார்த்த கண்ணாடி முகப்புக் கூடத்துக்குச் சீட்டுத் தேவையில்லை. காத்திருக்கும் நேரத்தில் ஓவியர் ஹொக்குசாயின் மர அச்சுப் படங்களைப் பார்க்கலாம், நாகாதா சேய்ஜி என்ற ஆய்வாளர் ஷிமானேவுக்கு வெளியே காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த தொகுப்பு. மேகம் மூடியிருந்தால் மறைவு தெரியாது, அதற்கு வழியில்லை.

செங்காந்தள்:

சைவம் அங்கே கடினம்தான். அந்த ஊர்ப் பெயர்போன இசுமோ சோபா என்ற நூடுல்ஸின் குழம்பு மீன் சாற்றில் செய்தது. காய்கறி டெம்புராவாக (மாவில் தோய்த்துப் பொரித்தது) இருந்தாலும் தொட்டுக்கொள்வது அதே சாறு. 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் மீனைச் சேர்க்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், 'கட்சுவோ தாஷி (மீன் சாறு) இல்லாமல்' என்று எழுதிக் காட்டினால்தான் புரியும். காட்டினாலும் குழம்பை முன்பே கொதிக்க வைத்துவிட்டதால் மாற்றித் தர முடியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

ஆகவே ஒகயாமா நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கடை உருண்டைச் சோற்றில் 'ஷியோ முசுபி' வெறும் உப்புச் சோறு. ஊமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்) உருண்டை வாங்கினால் உறையில் 'ஒகாகா' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மீன் துருவல் கலந்தது. கையில் ஊறுகாய் இருந்தால் உப்புச் சோறே விருந்து. கண்காட்சிக் கூடங்களில் சாப்பிட விடமாட்டார்கள், ரயிலிலேயே முடித்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் காபிக் கடையில் விலை வெளியை விடக் கூடுதல், ஆனால் 'மிதோரி' என்ற கடையின் மேசைகள் முதன்மைத் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. முழங்கால் வலிக்காரரை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் புதிய கட்டடத்தைச் சுற்றிவரலாம். 11 மணிக்கு முன்பு போனால் ஜன்னலோர மேசை கிடைக்க வாய்ப்பு அதிகம்.