மறு: எச்டிடிபி நிரலகத்தை மாற்றும்போது செய்யும் ‘ஷேடிங்’குக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம். நிரலகம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றின் படியை வேறு பெயரில் செயலிக்குள் வைத்துக் கட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஷேடிங்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்; நம் எடுத்துக்காட்டு, இணையத்தில் தரவு கேட்டுப் பெறும் நெறிமுறையான எச்டிடிபிக்குரிய நிரலகம்.

> ‘நிழலிடல்’ என்று அகராதியில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது ஐயா. ஓவியர் பென்சிலால் செய்வதுதான் நிழலிடல். ‘நிரலகத்தை நிழலிட்டேன்’ என்று ஒருவர் எழுதினால் என்ன செய்தார் என்று யாருக்கும் விளங்காது. ‘ஷேடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லே செயலைச் சொல்லவில்லை. அதைப் போய்த் தமிழாக்குவானேன்? சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, நடப்பதைப் பார்ப்போம்.

ஆண்ட்ராய்டு முதலில் வந்தபோது எச்டிடிபிக்கென்று இரண்டு நிரலகங்கள் அதனுடனேயே வந்தன. ஒன்று ஜாவாவின் எச்டிடிபி யூஆர்எல் கனெக்சன். மற்றொன்று அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட்; அதுவும் 4.0 பதிப்பு பீட்டா நிலைக்கு வருமுன்பே எடுத்த படி. அப்பாச்சிக்காரர்கள் 4.1, 4.2, 4.3 என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கைபேசிக்குள் இருந்த படியோ இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதைத் தொட்டால் அதை நம்பியிருக்கும் செயலிகள் உடையும் என்பது கவலை.

சரி, புதிய பதிப்பைச் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்வோம் என்று முயன்றால் அங்கேதான் வம்பு. இரண்டுக்கும் ஒரே பொதிப்பெயர் (வகுப்புகள் எனப்படும் நிரல் கூறுகளின் பெயருக்கு முன்னால் வரும் குடும்பப் பெயர்): ‘ஆர்க்.அப்பாச்சி.எச்டிடிபி’. ஒரு வகுப்பு தேவைப்பட்டால், அதைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் வகுப்பேற்றி முதலில் தன் தாய் ஏற்றியிடம் கேட்கும். இயங்குதளத்தின் பழைய படி அங்கேயே கிடைத்துவிடும். நாம் சுமந்து வந்த படிக்கு முறை வரவே வராது. கணினியில் நிரல் சிக்கலின்றித் தொகுக்கப்படும். கைபேசியில் ஓடும்போதுதான் ‘நோ சச் ஃபீல்டு எரர்’, அதாவது அப்படியொரு புலம் இல்லை என்று விழும். நம் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்தப் புலம் அங்கேயே இருக்கும்! இரண்டு இரவு இதோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தப்பிக்க இரண்டு வழிகள் புழங்கின. அப்பாச்சியே ஆண்ட்ராய்டுக்கென வெளியிட்ட 4.3 பதிப்பில் வகுப்புப் பெயர்களுக்கு ‘எச்சி4’ என்று வால் ஒட்டினார்கள். ‘எச்டிடிபி கெட்’ என்பது ‘எச்டிடிபி கெட் எச்சி4’ ஆனது. இன்னொரு வழி, வாலை விட்டுத் தலையை மாற்றுவது. தொகுத்து முடித்த நிரலகத்தை எடுத்து, அதன் பொதிப்பெயரின் முன்பகுதியை நம்முடையதாக்கி, உள்ளே ஒன்றையொன்று சுட்டும் இடங்களையெல்லாம் அதற்கேற்பத் திருத்தி, செயலிக்குள் வைத்துக் கட்டுவது. ஜார்ஜார் போன்ற கருவிகள் இதைத் தாமே செய்துவிடும். நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாவது வேலைக்கு.

> ‘மாற்று நிரலகம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

இதில்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பு வந்தபோது யூஆர்எல் கனெக்சனின் உள்ளே இருந்த எந்திரத்தைக் கழற்றிவிட்டு ஓகேஎச்டிடிபி என்ற வேறொரு எச்டிடிபி நிரலகத்தைப் பொருத்தினார்கள். வெளிமுகம் அப்படியே இருந்ததால் செயலிகள் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது மாற்றீடு. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பு அப்பாச்சிக்கான ஆதரவை விலக்கியது. 2018இல் ஆண்ட்ராய்டு 9 பதிப்பு அதை இயல்பான வகுப்புத்தடத்திலிருந்தே (வகுப்புகளைத் தேடும் இடங்களின் வரிசை) எடுத்தது. அது நீக்கம். செயலி செய்வது இரண்டும் இல்லை. அது எதையும் நீக்குவதில்லை, எதன் இடத்திலும் எதையும் வைப்பதில்லை. பழையதன் பக்கத்திலேயே வேறு பெயரில் புதியதைக் குடிவைக்கிறது. மூன்றையும் ‘மாற்று’ என்று ஒரே கூடையில் போட்டால், பிழை எங்கே என்று தேடுபவர் பாடு திண்டாட்டம்.

சுவையான செய்தி ஒன்று: ஓகேஎச்டிடிபியை உள்ளே எடுத்தபோது இயங்குதளமும் இதே வேலையைச் செய்தது. ‘காம்.ஸ்கொயரப்’ என்று தொடங்கிய பெயரைக் ‘காம்.ஆண்ட்ராய்டு’ ஆக்கினார்கள். அதனால்தான் இன்று ஒரு செயலி தன் சொந்த ஓகேஎச்டிடிபியைச் சுமந்து வந்தாலும் மோதல் இல்லை. பட்ட பின்பு வந்த புத்தி.

> ‘தத்தெடுத்தல்’ எப்படி? குடும்பப் பெயர் மாறுகிறது, பொறுப்பும் நம்முடையதாகிறது.

சொக்கிப்போனேன். பொறுப்பு என்ற கோணம் அசல் உண்மை: பாதுகாப்புத் திருத்தம் வந்தால் இயங்குதளம் நம் படியைத் தொடாது, நாம்தான் புதிய பதிப்பு வெளியிட வேண்டும். ஆனால் தத்துப்போன பிள்ளை பிறந்த வீட்டில் இருக்காது. இங்கே மூலப்பிள்ளை அங்கேயே இருக்கிறது, நம்மிடம் இருப்பது படி. போதாக்குறைக்கு, ‘தத்து’ என்றால் கண்டம் என்றும் ஒரு பொருள் உண்டு. (பிழையோடு போராடியவர்களுக்கு அது பொருத்தமாகவே படலாம்.) ‘புனைபெயரிடல்’ இதைவிடத் தள்ளி நிற்கிறது, அங்கே ஆள் ஒன்று, பெயர் இரண்டு. இங்கே ஆளே இரண்டு.

என் பரிந்துரை: பெயர்த்துப்பொதிதல். வேரோடு எடுத்து வேறிடத்தில் வைப்பதைத்தான் பெயர்த்தல் என்கிறோம். பொதிப்பெயர் வேறு இடத்துக்குப் போகிறது. ‘பெயர்’ என்ற ஒலியும் கூடவே வந்துவிடுகிறது. ‘பொதி’ ஏற்கெனவே நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் சொல். சுருக்கமாக ‘பெயர்ப்பொதி’ என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.

———

தம்பி,

பெயர்த்துப்பொதிதல் நன்றாக இருக்கிறது, வலிமிகுதலும் சரி. ஆனால் சுருக்கம் ஆகாது. ‘பெயர்ப்பொதி’ என்றால் எங்களைப் போன்ற மொழியாக்கக்காரர்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகளின் பொதி என்றுதான் படிப்போம். இன்னொன்று: நிரலுக்குள் வகுப்பின் பெயரை வெறும் எழுத்துச் சரமாக எழுதி, ஓடும்போது அதைத் தேடும் இடங்களைக் கருவி சில வேளை விட்டுவிடுமே, பழைய பெயரிலேயே நின்றுவிடுமே? அதற்கு என்ன சொல்வது?

———

அக்கா,

சுருக்கத்தை விட்டுவிட்டேன். பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

பெயர்த்துப்பொதிதல் (வினை: பெயர்த்துப்பொதி, பெயர்: பெயர்த்துப்பொதிவு). நிரலகத்தின் படியொன்றின் பொதிப்பெயரை மாற்றிச் செயலிக்குள் வைத்துக் கட்டுதல். எடுத்துக்காட்டு: ‘அப்பாச்சி நிரலகத்தைப் பெயர்த்துப்பொதிந்த பிறகு இயங்குதளத்தின் படியோடு மோதல் நின்றது.’

பழைய பெயரிலேயே நிற்கும் சரங்களுக்கு ‘பெயராச் சரம்’ என்று தோன்றுகிறது. பெயராதது, அதாவது இடம் விட்டு நகராதது. இலக்கணம் தெரிந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் ஏற்றவில்லை.